முறையும் விழிப்பும்

கடமையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுதல் மனித சமுதாயம் கண்ட மிகப் பழைய ஏற்பாடுகளுள் ஒன்று. குளத்து நீரை வயலுக்குத் திருப்புவதிலும், ஊர்க்காவல் புரிவதிலும், கோயிற் பூசை ஆற்றுவதிலும் 'இன்று யாருடைய முறை?' என்ற வினாவே முதலில் எழுகின்றது. தமிழில் முறை என்னும் சொல் ஒழுங்கையும் நீதியையும் உறவையும் குறிப்பதோடு, ஒருவர்க்குப் பின் ஒருவராக வரும் வரிசையையும் குறிக்கின்றது. அதனோடு ஒலியிற் கிட்டிய 'முர' என்ற சிங்களச் சொல் வேறொரு பொருளையும் தாங்கி நிற்கின்றது. முறைவேலை என்ற பொருளுடன் காவல் என்ற பொருளும் அதற்குண்டு. சிங்களத்தில் காவற்காரரை 'முரகாரயா' என்பர். வரிசையாக வரும் கடமையும் கண் விழித்திருக்கும் காவலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது சிந்திக்கற்பாலது. கடமை ஒருவரிடமும் விழிப்பு இன்னொருவரிடமும் பிரிந்துபோகும் ஒரு காலத்தில் நாம் வாழ்வதால், அச்சொல் நினைவூட்டும் உண்மையை ஆராய்வது பயனுடையது.

கண்டி நகரில் வாழ்வோர் முறை என்பதைக் கண்ணாற் காண்பவர்கள். தலதா மாளிகையில் வைகறையிலும் முற்பகலிலும் மாலையிலுமாக நாளொன்றுக்கு மூன்று வேளை வழிபாடு நிகழ்கின்றது. அவ்வேளைகளில் எழும் தவுல், தம்மட்டம், ஹொரணை ஆகியவற்றின் ஒலி ஏரிக்கரை வரை கேட்கும். அவற்றை வாசிப்போர் தத்தம் முறைப்படி வந்து கடமை புரிபவர்கள். உள்மாடத்து வழிபாட்டை மல்வத்தை, அஸ்கிரிய ஆகிய இரு பீடங்களைச் சார்ந்த பிக்குகளும் ஆண்டுக்கு ஒரு பீடமாக மாறி மாறி ஏற்கின்றனர். புனித தந்தம் வைக்கப்பட்டுள்ள பேழையின் திறப்புகள் இரு பீடங்களின் மகாநாயக்க தேரர்களிடமும் தியவடன நிலமேயிடமுமாக மூவரிடம் உள்ளன. மூவரும் உடன்பட்டாலன்றிப் பேழை திறக்கப்படாது. ஒருவரை மாத்திரம் நம்பாமல், பலருடைய நம்பிக்கையை ஒன்றிணைத்துப் பெரியதொரு பொருளைக் காக்கும் வழி இது.

இக்கடமைகளின் பின்னணியில் நிலம் இருந்தது. மாளிகைக்கும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கும், விகாரைகளுக்கும் உரிய கிராமங்களில் காணிகள் பங்குகளாக வகுக்கப்பட்டிருந்தன. சிங்களத்தில் அவற்றைப் 'பங்குவ' என்பர். தமிழர்க்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பங்கிற்கும் ஒரு கடமை ஒட்டியிருந்தது. ஒரு பங்கினர் பறை அறைவர்; இன்னொரு பங்கினர் பெரஹராவிற் பந்தம் பிடிப்பர்; வேறு பங்கினர் எண்ணெய் கொணர்வர், கூரை வேய்வர், அன்னம் சமைப்பர். காணி பிள்ளைகளுக்கிடையே துண்டுபட்டபோதும் கடமை துண்டுபடுவதில்லை. பத்துப் பேர் ஒரு பங்கைப் பிரித்து உழுதாலும் அந்தப் பந்தம் குறித்த இரவில் எரிந்தாக வேண்டும். காணியை அனுபவிப்பவர் கடமையைக் கைவிட்டால் அவரது உரிமையே ஆட்டங்காணும் என்பது பழைய வழக்கு. இக்காலப் பொருளியல் மொழியிற் கூறுவதாயின், காணியே கடமைக்கு வைக்கப்பட்ட பிணை எனலாம்.

பேராதனைக்கு அண்மையில், உடுநுவரையில் உள்ள லங்காதிலக விகாரையின் பாறையில் 1344 ஆம் ஆண்டைச் சார்ந்த சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. விகாரைக்கு அளிக்கப்பட்ட காணிகளையும் கொடைகளையும் அது கூறுகின்றது. கல்லிற் பொறிப்பதன் நோக்கம் அழகுணர்ச்சி மாத்திரமன்று. யார் எதைக் கொடுத்தார், அது எதன்பொருட்டுக் கொடுக்கப்பட்டது என்பதைப் பின்வருவோர் எவரும் சென்று படித்துச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் தனித்து அதனை மாற்றி எழுதவும் இயலக்கூடாது. அனைவரும் காணக்கூடிய, எவரும் எளிதில் அழிக்க இயலாத பதிவேடு என்ற எண்ணம் இம்மலைநாட்டில் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கல்லில் உருப்பெற்றிருந்தது.

அதே எண்ணம் நம் காலத்தில் கணினிகளின் வழியே புதிய வடிவம் பெற்றுள்ளது. பிளாக்செயின் எனப்படுவது உலகெங்குமுள்ள பல்லாயிரம் கணினிகளில் ஒரே படியாக வைக்கப்படும் பேரேடு. பதிவுகள் தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் முந்தியதோடு கணித முறையாற் பிணைக்கப்படுவதால், இடையில் ஒன்றை மாற்ற முனைவோர் அதன் பின்வந்த அனைத்தையும் மாற்ற வேண்டியவராவர். இத்தகைய பேரேடுகளுள் எதீரியம் என்பது 2015 ஆம் ஆண்டு யூலை 30 ஆந் திகதி இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் பெரும் மின்சக்தியைச் செலவிட்டுக் கணிதப் புதிர்களை விடுவிக்கும் கணினிகளே அதன் பதிவுகளை உறுதிசெய்தன. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆந் திகதி அம்முறை கைவிடப்பட்டு, பிணை வைத்தோர் முறைப்படி உறுதிசெய்யும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன் மின்சக்தித் தேவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேலாகக் குறைந்தது.

புதிய ஏற்பாடு கண்டி நாட்டுப் பங்குமுறையை வியக்கத்தக்க அளவில் ஒத்திருக்கின்றது. ஒருவர் 32 ஈதர் என்ற அளவு நாணயத்தைப் பிணையாக வைத்தால் சரிபார்ப்பாளர் என்ற நிலையைப் பெறுகின்றார். 2025 ஆம் ஆண்டு மே மாதத்து மாற்றத்தின் பின்னர் ஒரு சரிபார்ப்பாளரின் பெயரில் 2048 ஈதர் வரையும் வைக்கலாம். பிணை வைத்தவரின் கணினி இடையறாது விழித்திருந்து, புதிய தொகுதிகள் சரியானவையா எனத் தன் கையொப்பத்தால் சான்று கூற வேண்டும். கடமையைச் செய்தால் சிறு ஊதியம் உண்டு. செய்யத் தவறினால் சிறு தண்டம் உண்டு. ஒரே வேளையில் ஒன்றுக்கொன்று முரணான இரு சான்றுகளில் ஒப்பமிட்டால் பிணையின் ஒரு பகுதி பறிமுதலாவதுடன் அச்சரிபார்ப்பாளர் வெளியேற்றவும் படுவார்.

அன்றாடக் கடமைக்கு மேலாக ஒரு விசேட கடமையும் உண்டு. அதுவே இக்கட்டுரையின் மையப்பொருள். 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆந் திகதி முதல், அனைத்துச் சரிபார்ப்பாளர்களிலிருந்தும் 512 பேர் குலுக்கல் முறையில் தெரியப்பட்டு ஒத்திசைவுக் குழு என்ற பெயரில் அமர்த்தப்படுகின்றனர். எதீரியத்தின் காலம் 12 வினாடி கொண்ட கூறுகளாக ஓடுகின்றது. 32 கூறுகள் ஒரு சுற்று. 256 சுற்றுகள் ஒரு குழுவின் பதவிக்காலம். கணக்கிட்டால் அது 27 மணித்தியாலம் 18 நிமிடம் 24 வினாடியாகும். சாதாரண சரிபார்ப்பாளர் 6 நிமிடம் 24 வினாடிக்கு ஒருமுறை சான்று கூறினாற் போதும். குழுவில் அமர்ந்தவரோ ஒவ்வொரு 12 வினாடியும், மொத்தம் 8192 தடவை, பேரேட்டின் தலைப்பகுதி இதுவே என ஒப்பமிட வேண்டும்.

இத்துணை இறுக்கமான கடமை எதற்காக? பேரேட்டின் முழுப்படியையும் வைத்திருக்க வல்ல கணினி எல்லோரிடமும் இல்லை. கைத்தொலைபேசியொன்றை மாத்திரம் வைத்திருப்பவர், பேரேட்டின் உண்மை நிலையை அறிய வேண்டுமாயின், இடையில் நிற்கும் ஏதோவொரு நிறுவனத்தின் சொல்லை நம்ப வேண்டியவராகின்றார். அந்நிலையை மாற்றுவதற்கே ஒத்திசைவுக் குழு அமைக்கப்பட்டது. 512 பேரின் கையொப்பங்களும் கணித முறையால் ஒரே கையொப்பமாகத் திரட்டப்படுகின்றன. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 342 பேர், ஒப்பமிட்டிருந்தால் சிறிய கருவி அந்நிலையை ஏற்றுக்கொள்ளும். தற்போதைய குழு ஒப்பமிடும் நிலைக்குள்ளேயே அடுத்த குழுவினரின் அடையாளமும் அடங்கியிருப்பதால், ஒரு குழு மற்றொரு குழுவிடம் பொறுப்பைக் கையளிக்கும் சங்கிலி அறுபடாது தொடர்கின்றது. ஒரு பீடம் தன் ஆண்டு முடிவில் மற்றப் பீடத்திடம் வழிபாட்டுப் பொறுப்பை ஒப்படைக்கும் கண்டி மரபை அறிந்தோர்க்கு இதனை விளங்கிக்கொள்வது அரிதன்று.

இக்கடமையின் இன்னோர் இயல்பு அதன் அருமை. சரிபார்ப்பாளர் பத்து இலட்சம் பேர் எனவும் எல்லோரது பிணையும் சமம் எனவும் கொள்வோம். ஒரு குழுவுக்கு 512 பேர் வீதம் தெரியப்பட்டால், ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே இம்முறை வாய்க்கும். வாய்க்கும்போது அந்த இருபத்தேழு மணித்தியாலத்தின் ஊதியம் வழமையான சான்றுரைப்பின் ஊதியத்தைவிடப் பல பத்து மடங்காக இருக்கும். தவறும் ஒவ்வொரு தடவைக்கும் அதே அளவு தண்டமும் உண்டு. ஆறாண்டு காத்திருந்து கிடைத்த முறை ஓர் இரவு மின்தடையில் வீணாகிவிடக்கூடும். ஆதலின் முறை எப்போது வருகின்றது என்பதை முன்னரே அறிந்து, அது முடியும் வரை கண்காணிப்பது தனியொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது.

அத்தொழிலின் நடைமுறை எளிமையானது. ஆயினும் ஒழுக்கத்தை வேண்டி நிற்பது. அடுத்த குழுவினர் யார் என்பது ஒரு பதவிக்காலத்திற்கு முன்னரே பேரேட்டில் வெளிப்படும். தம் பொறுப்பிலுள்ள சரிபார்ப்பாளர்களின் இலக்கங்கள் அதில் உள்ளனவா எனக் கண்காணிப்பாளர் பார்க்க வேண்டும். உள்ளன எனில் அவருக்கு ஏறத்தாழ ஒரு நாள் அவகாசம் உண்டு. அந்நேரத்துள் கணினியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகின்றதா, ஏனைய கணினிகளோடு போதிய தொடர்பு உள்ளதா, வட்டில் இடம் உண்டா, மின்கலம் நிறைந்துள்ளதா என்பனவற்றைச் சோதிக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலைகளை இயன்றவரை ஒத்திவைக்க வேண்டும். முறை தொடங்கியதும், ஒப்பம் தவறும் கணத்தில் அறிவிப்பொலி எழும்பும்படி ஏற்பாடு செய்துகொண்டு விழித்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத் தடை என்பது 300 ஒப்பங்களின் இழப்பு.

கண்டி நகரிலும் சுற்றுப்புறங்களிலும் கணினித் தொழில் கற்றோர் வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணி செய்வது இன்று பெருவழக்காகிவிட்டது. அத்தகைய ஒருவர் கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனை வீதியிலோ ஒரு மேல்மாடி அறையில் அமர்ந்து இக்கண்காணிப்பை மேற்கொள்வதாக எண்ணிப் பார்க்கலாம். அவர் கண்காணிக்கும் பிணை அவருடையதன்று. அதன் உடைமையாளர் பல்லாயிரம் மைல் தொலைவில் உறங்கிக்கொண்டிருப்பார். மின்குறிநாணயங்கள் இலங்கையில் சட்டபூர்வப் பணமல்ல. அவற்றின் இடர்களைப் பற்றி மத்திய வங்கி 2018 ஆம் ஆண்டு முதல் பன்முறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. ஆகவே இவருக்கு உரியது மாதச் சம்பளமே. திரையில் பச்சை நிறமாக ஓடும் கோடுகள் சிவப்பாக மாறாதிருக்க வேண்டும் என்பதே இரவு முழுவதும் அவருடைய கவலை.

அக்கவலை கற்பனையானதன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை அனுபவித்தது. 2023 ஆம் ஆண்டு திசெம்பர் 9 ஆந் திகதி, கொத்மலைக்கும் பியகமவுக்கும் இடையிலான மின்கடத்து மார்க்கத்தில் ஏற்பட்ட பழுதினால் மாலை வேளையில் தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே நாடளாவிய மின்தடைக்குக் காரணம் எனப் பொறுப்பான அமைச்சர் கூறினார். உடவத்தைக்கெலைக் காட்டிலிருந்து இறங்கிவந்து கூரைகளிலே தாவும் குரங்குகளை நாள்தோறும் காணும் கண்டி மக்களுக்கு அச்செய்தி நகைப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தந்திருக்கும். உலகப் பேரேடு ஒன்றின் ஒழுங்கு, கடைசியில் ஒரு மலைநகரத்து மின்கம்பியிலும் ஒரு மனிதரின் உறக்கத்திலும் தங்கியிருக்கின்றது.

தடை நேரும் கணத்தில் எழும் ஒரு சோதனையை இங்கு குறிப்பிடல் வேண்டும். முதற் கணினி ஓய்ந்துவிட்டது. நிமிடந்தோறும் ஐந்து ஒப்பங்கள் தவறுகின்றன. வேறிடத்தில் மாற்றுக் கணினியொன்று ஆயத்தமாக உள்ளது. இரகசியத் திறவுகோலை அதிலே இட்டு இயக்கிவிட்டால் இழப்பு நின்றுவிடும் என்று மனம் பதறும். ஆனால் முதற் கணினி உண்மையில் ஓயாமல், தொடர்பு மாத்திரம் சிறிது அறுந்து மீண்டிருந்தால், ஒரே பெயரில் இரு கணினிகள் சான்று கூறத் தொடங்கும். அவை முரண்படின் அது இரட்டைச் சான்று என்ற பெருங்குற்றம், பிணை பறிமுதலாகும். இதுவரை நிகழ்ந்த பறிமுதல்களிற் பெரும்பாலானவை தீய நோக்கத்தால் நேர்ந்தவையல்ல. ஒரே திறவுகோலை இரண்டிடத்தில் இயக்கிய கவனக்குறைவால் நேர்ந்தவையே. எனவே கண்காணிப்பாளருக்கு விரைவைவிட நிதானம் முக்கியம். சிறு தண்டத்தைப் பொறுத்துக்கொண்டு, முதற் கணினி நின்றுவிட்டது என உறுதிப்படுத்திய பின்னரே மாற்றை இயக்க வேண்டும். செய்யாதிருக்க வேண்டியதை அறிதலும் விழிப்பின் ஒரு கூறேயாகும்.

இவ்விடத்தில் நாம் எதிர்பாராத ஓர் உண்மையைக் காண்கின்றோம். அன்றாடச் சான்றில் முரண்பட்டு ஒப்பமிடுவோர்க்குப் பறிமுதல் உண்டு என மேலே கூறினோம். ஆனால் ஒத்திசைவுக் குழு அமைக்கப்பட்டபோது வகுக்கப்பட்ட விதிகளில், அக்குழுவினர் பொய்யான நிலைக்கு ஒப்பமிட்டால் பிணையைப் பறிக்கும் தண்டனை சேர்க்கப்படவில்லை. இதனைக் குறைபாடெனச் சுட்டித் தண்டனை விதிக்க வேண்டும் என்று முன்மொழிந்தோரும் உளர். ஆகவே கைத்தொலைபேசி வைத்திருக்கும் எளியவர் அக்குழுவின் ஒப்பத்தை நம்பும்போது, அவருடைய நம்பிக்கைக்கு ஆதாரமாவது பறிபோகக்கூடிய பெரும் பணமன்று. குலுக்கலில் வந்த 512 பேருள் மூன்றில் இரண்டு பங்கினர் நேர்மை தவறார், விழித்திருப்பர் என்ற எதிர்பார்ப்பே அந்த ஆதாரம். இயந்திரத்தையும் பணத்தையும் கொண்டு மனித நம்பிக்கைக்கு மாற்றுக் காண விரும்பிய ஏற்பாடு, தன் நுட்பமான இடமொன்றில் மீண்டும் மனித நம்பிக்கையிடமே வந்து சேர்கின்றது.

பிணை, குலுக்கல், குறுகிய பதவிக்காலம், கணக்கு என்ற நான்கையும் இணைத்துக் குழு அமைத்த முன்னோடி ஏற்பாடொன்று தமிழகத்தில் இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஊர்ச்சபையின் வாரியங்களைத் தெரிவுசெய்யும் விதியைக் கூறுகின்றன. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் தன் மனையில் வீடும் உடையவராய், முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குட்பட்டும் உள்ளோரின் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டன. முப்பது குடும்புகளிலிருந்தும் சிறுவனொருவனின் கையால் ஓலை எடுக்கப்பட்டது. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவரும் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும் ஏரி வாரியத்துக்கு அறுவரும் 360 நாளுக்கு அமர்த்தப்பட்டனர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தின் அருகே வர இயலாது.

கூர்ந்து நோக்கினால், உத்தரமேரூர் விதியிற் பிணையாகிய நிலத்துக்குரிய இடம் தொடக்கத்தில் மாத்திரமே. நிலம் ஒருவரைத் தெரிவுக்குத் தகுதியாக்கியது; தெரிவுக்குப் பின் அவரைக் கட்டுப்படுத்தியது ஊரார் முன் காட்ட வேண்டிய கணக்கு. நிலத்தைப் பறிப்போம் என்ற அச்சுறுத்தலைவிட, கணக்குக் காட்டாதவரின் உறவினரும் ஒதுக்கப்படுவர் என்ற விதி கூரியது. ஏனெனில் அது மனிதரை அவருடைய சுற்றத்தின் முன்னிலையில் நிறுத்துகின்றது. கண்டிப் பங்குமுறையிலும் அவ்வாறே. பறை அறைய வேண்டியவர் வராதபோது மாளிகை முற்றத்தில் அந்த இடம் வெறிதாய்க் கிடப்பதை ஊரே காணும். எதீரியப் பேரேட்டிலும் யார் ஒப்பமிடவில்லை என்பது எல்லோரும் காணப் பதிவாகின்றது. ஆயினும் அங்கே பதிவாவது ஓர் இலக்கம். அந்த இலக்கத்துக்கு முகமும் இல்லை, சுற்றமும் இல்லை.

இவ்வாறு கூறுவதாற் பழைய ஏற்பாடுகளைப் போற்றித் துதிப்பதாகக் கொள்ளலாகாது. உத்தரமேரூர்ச் சபை பிராமணர் சபை. வேத அறிவு தகுதியாக விதிக்கப்பட்டது. ஏனையோர்க்கு அங்கு இடமிருக்கவில்லை. கண்டி நாட்டின் இராசகாரியம் சாதியோடு பிணைந்தது. பறை அறைவோரின் மகன் பறை அறைய வேண்டியவனாகவே பிறந்தான். அரசு வாங்கிய கட்டாய ஊழியம் 1832 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டபோதும் கோயிற் காணிகளின் ஊழியம் தொடர்ந்தது. 1870 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சேவைக் காணிச் சட்டம் ஒவ்வொரு பங்கின் கடமையையும் பதிவுசெய்து, அதற்குப் பணமதிப்பிட்டு, பரவேணிப் பங்காளர் விரும்பினால் ஊழியத்துக்கு ஈடாகப் பணம் செலுத்த வழிவகுத்தது. பிறப்பினால் விதிக்கப்பட்ட கடமையிலிருந்து மனிதரை விடுவித்த அளவில் அது நல்ல மாற்றமே. எதீரியமும் பிறப்பைக் கேட்பதில்லை. ஆனால் செல்வத்தைக் கேட்கின்றது. பிணை பெரிதாயிருப்பவருக்கு முறையும் அடிக்கடி வாய்க்கும்.

ஆயினும் அம்மாற்றத்தின் உடன்விளைவொன்றையும் நோக்க வேண்டும். கடமைக்குப் பணம் ஈடாகலாம் என்றானபோது, நிலத்தை உடையவரும் முற்றத்திற்கு வருபவரும் ஒருவராகவே இருக்க வேண்டிய தேவை நீங்கியது. பங்காளர் பணம் செலுத்தலாம். அப்பணத்தைக் கொண்டு வேறொருவரை அமர்த்திப் பறை அறைவிக்கலாம். அன்று தொடங்கிய பிரிவு இன்று முழுமை பெற்றுள்ளது. பிணை வைத்தவர் ஒரு நாட்டில் உள்ளார். கணினி இன்னொரு நாட்டில் உள்ளது. விழித்திருப்பவர் கண்டியில் உள்ளார். தண்டம் விழுந்தால் பணம் இழப்பவர் உடைமையாளர். முறை வெற்றியாக முடிந்தால் ஊதியம் பெறுபவரும் அவரே. விழித்திருந்தவரின் பெயர் பேரேட்டில் எங்கும் இல்லை. பழைய பதிவேட்டில் இன்ன பங்கு இன்னாருடையது என்றாவது எழுதப்பட்டிருந்தது.

ஆகவே, பிணை கடமையைக் காக்கும் என்ற கருத்தை நாம் திருத்திக்கொள்ள வேண்டும். பிணை தவற்றைத் தண்டிக்கும். தவறியபின் கணக்குத் தீர்க்கும். தவறு நேராமற் காப்பது, அவ்விடத்தில் அவ்வேளையில் ஒருவர் விழித்திருத்தலாகும். பிணையும் விழிப்பும் ஒருவரிடம் சேர்ந்திருந்த காலத்தில் இவ்வேறுபாடு வெளிப்படவில்லை. அவை பிரிந்த பின்னரே, முன்னதை விலைக்கு வாங்கலாம் என்பதும் பின்னதை முழுமையாக வாங்க இயலாது என்பதும் தெளிவாகின்றன. சம்பளத்தைக் கொண்டு ஒருவரை இரவில் நாற்காலியில் இருத்தலாம். மூன்றாம் யாமத்தில் அறிவிப்பொலி எழும்போது பதறாமல் எழுந்து, மாற்றுக் கணினியை இயக்குமுன் ஒருகணம் நின்று யோசிக்கும் பொறுப்புணர்ச்சி அச்சம்பளத்துக்குள் அடங்குவதன்று. அதனை அவராகவே கொண்டுவர வேண்டும்.

அவ்வாறு கொண்டுவருவோர்க்குச் சமுதாயம் கடன்பட்டுள்ளது. மின்நிலையத்தில் இரவுப்பணி புரிவோர், வைத்தியசாலை விடுதியிற் கண்விழிக்கும் தாதியர், மலைச்சரிவின் ஈரத்தை அளந்து மண்சரிவு எச்சரிக்கை விடுப்போர், கணினித் திரைமுன் அமர்ந்திருக்கும் இளைஞர் ஆகிய யாவரும் ஒரே குலத்தவர். அவர்கள் பணி செவ்வனே நடந்தால் எதுவும் நிகழாது. எதுவும் நிகழாமையால் எவரும் அவர்களை நினைப்பதுமில்லை. பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் மாணவருட் பலர் இத்தகைய கண்காணா ஊழியங்களுக்கே செல்ல இருக்கின்றனர். அவர்தம் உரிமைகளையும் ஓய்வையும் ஊதியத்தையும் பற்றிச் சிந்திப்பது, பேரேட்டின் கணிதத்தைக் கற்பதற்கு எவ்வகையிலும் குறைந்த கல்வியன்று.

எதீரியத்தின் 512 பேர் கொண்ட குழு நாளையும் மாறும். நாளை மறுநாளும் மாறும். மாளிகையின் ஆண்டுமுறையும் மாறி வரும். முறை எவ்வாறு வகுக்கப்பட்டாலும், கல்லிலோ ஓலையிலோ கணினியிலோ அது எழுதப்பட்டாலும், எழுதப்பட்ட முறையை நிகழ்ந்த முறையாக்குபவர் விழித்திருக்கும் மனிதரே. அவருக்குரிய மதிப்பை வழங்காத ஏற்பாடு, எத்துணைப் பெரிய பிணையைப் பெற்றிருப்பினும், உறுதியான ஏற்பாடு ஆகாது.